பொதுக்காணி யாருடைய காணி?

எங்கள் குடியேற்றத் திட்டத்தின் நடுவில் ஒரு வெறுங்காணி இருக்கிறது. இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. வடக்கு மூலையில் ஒரு பாலை மரமும் அதற்குப் பக்கத்தில் கட்டு இடிந்த ஒரு கிணறும். 1992 இல் நான் கலியாணம் முடித்து இந்த ஊருக்கு வந்தபோது பின்னேரங்களில் பொடியன்கள் அதில் பந்தடிப்பார்கள். மற்ற நேரத்தில் மாடு கட்டுவார்கள். கோயில் திருவிழா என்றால் கடலைக்காரர் கடை போடுவார். சிலர் அதைக் கழகக் காணி என்பார்கள், சிலர் சங்கக் காணி என்பார்கள், என் மாமியார் மட்டும் "பள்ளிக்கூடத்துக்கு விட்ட நிலம்" என்று சொல்லிக்கொண்டிருப்பா. அது உண்மையில் யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கத் தேவை வரவில்லை.

தேவை 2014 மாசி மாதத்தில் வந்தது. மகளைப் பாடசாலையில் விட்டுவிட்டுச் சைக்கிளில் திரும்பி வருகிறேன், தெற்குப் பக்கமாகக் கொங்கிறீற் தூண்கள் வரிசையாக நட்டிருக்கின்றன. இரண்டு பேர் முள்ளுக்கம்பி இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"ஆருக்குத் தம்பி வேலி அடைக்கிறியள்?"

"தெரியாது அம்மா, நாங்கள் கூலிக்கு வந்தனாங்கள்."

அந்த வேலியைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஆனால் எழுதத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, ஒரு கிராமத்தில் எங்கள் வீட்டுப் படலைக்கு வெளியே இருக்கிற வீதி, கிணறு, மைதானம், தெரு வெளிச்சம் இவையெல்லாவற்றையும் யார் பார்க்க வேண்டும், யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் அந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஆகவே சகோதரிகள் சற்றுப் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

எங்கள் ஊர் கிளிநொச்சி மாவட்டத்தில் ஏ-9 வீதியிலிருந்து உள்ளே போகும் பழைய குடியேற்றங்களில் ஒன்று. பெயரை எழுதவில்லை, எழுதினால் சிலருக்கு மனவருத்தம் வரும். 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் கொடுத்துக் குடியேற்றிய காணிகள் இவை. காணி அரசாங்கத்தினது. எங்களிடம் இருப்பது அதில் குடியிருந்து பயிர் செய்வதற்கான அனுமதி. எங்கள் வீட்டு அனுமதிப்பத்திரம் என் கணவர் பெயரில் இருக்கிறது.

2008 கடைசியில் இடம்பெயர்ந்தோம். பிறகு நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2009 வைகாசியில் கணவரைத் தவறவிட்டேன். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. மெனிக்பாம் முகாமிலிருந்து 2010 இல் ஊருக்கு விட்டார்கள். "மரணச் சான்றிதழ் எடுத்துப்போடுங்கோ, எல்லா அலுவலும் சுகமாக முடியும்" என்று எத்தனையோ பேர் புத்தி சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று கொடுக்கிறார்கள். அதைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். ஆள் இறந்துவிட்டார் என்று சொல்லாமலே சொத்தைப் பராமரிக்கவும் உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும் அது போதும்.

2013 இல் இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. ஐந்தரை இலட்சம் ரூபாவைக் கட்டம் கட்டமாகத் தந்தார்கள். அத்திவாரம் வெட்டுவதற்கு நானும் மண்வெட்டி பிடித்தேன். வீடு வந்தது. ஆனால் வீட்டுக்கு வெளியே ஒன்றும் வரவில்லை. மழை பெய்தால் வீதியில் முழங்கால் சேறு. இரவில் லைற் இல்லை. பொதுக்கிணற்றுக்குள் என்ன கிடக்கிறதோ என்று பயந்து ஒருவரும் இறங்கவில்லை. வீட்டுத்திட்டம் கொடுக்கிற நிறுவனத்துக்கு வீட்டுக் கணக்கு மட்டும்தான். நடுவில் கிடந்த காணியில் ஆளுயரத்துக்குப் பற்றை.

வேலி அடைத்தவர் பட்டணத்தில் கடை வைத்திருக்கும் ஒருவர் என்று இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. தகப்பனுக்குக் கொடுத்த காணி என்று சொன்னார். இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். எங்களிடம் மறுத்துச் சொல்ல ஒரு துண்டுக் கடதாசி இல்லையே.

அப்போது ஊரில் எத்தனை சங்கம் இருந்தன என்று எண்ணினால் சிரிப்பு வரும். கிராம அபிவிருத்திச் சங்கம் ஆண்களுக்கு. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் எங்களுக்கு. இவை இரண்டும் பிரதேச செயலகத்தில் இருக்கும் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரோடு வேலை செய்பவை. சனசமூக நிலையம் பிரதேச சபையில் பதிகிற ஒன்று. வாசிகசாலைக்குப் பத்திரிகை போடுவதும் அங்கேதான். விளையாட்டுக் கழகம் 1973 ஆம் ஆண்டு விளையாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு உத்தியோகத்தரிடம் பதிய வேண்டும். வயல்காரருக்குக் கமக்காரர் அமைப்பு, அது கமநல சேவை நிலையத்தோடு. இதற்கு மேல் கோயில் சபை, மரண உதவிச் சங்கம். ஒரே பத்து ஆண்கள் எல்லாவற்றிலும் தலைவர், செயலாளர், பொருளாளராக மாறி மாறி இருப்பார்கள். ஆனால் காணி பறிபோகிறது என்று சொல்லப்போனால் ஒவ்வொரு சங்கமும் "அது எங்கட வேலை இல்லை" என்றது.

என் சித்தியின் மகள் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில், பட்டணத்துக்குத் தூரமான ஒரு மலைப்புறத்தில் குடியிருக்கிறாள். தொலைபேசியில் இந்தக் கதையைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்பட்டாள். அங்கே பெரிய காணியைத் துண்டாக்கி விற்கும்போதே காணிச் சொந்தக்காரர் சங்கம் ஒன்றையும் உண்டாக்கிவிடுகிறார்களாம். காணித்துண்டை வாங்குகிறவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அங்கத்தவர். வருடச் சந்தா கட்டாவிட்டால் சங்கம் வீட்டின் மேல் உரிமை கோரலாம், வழக்கு வைத்து வீட்டை ஏலத்துக்குக்கூடக் கொண்டுபோகலாம். உள்வீதிகள் பல அரசாங்கத்தினது அல்ல என்பதால் பனி அள்ளுவதும் சங்கத்தின் செலவு. விளையாட்டிடம், பூங்கா, நீச்சல் தடாகம் போன்றவற்றுக்கு வேறொரு அமைப்பு. பொழுதுபோக்கு மாவட்டம் என்று சொல்கிறார்கள். அது சங்கம் அல்ல, ஒரு சின்ன அரசாங்கம். ஊர்ச் சனம் வாக்குப்போட்டு அதன் சபையைத் தெரிவு செய்கிறது. ஆதன வரியில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. 1992 இல் அந்த மாநிலத்து அரசியலமைப்பில் செய்த மாற்றத்தின்படி வரி கூட்டுவதென்றால் வாக்கெடுப்பு வைத்தே கூட்ட வேண்டும். "எங்கட தெருவிலை படலைக்கு என்ன நிறம் பூசுறதெண்டும் அவையளைக் கேட்கவேணும் அக்கா" என்று சலித்துக்கொண்டாள்.

படலை நிறம் கேட்கும் அளவுக்கு அதிகாரம் எங்கள் சங்கங்களுக்கு வேண்டாம். ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன். மாதர் சங்கத்துக்கு மாதச் சந்தா கட்டாத வீட்டை நாங்கள் என்ன செய்ய முடியும்? கூட்டத்தில் பெயர் வாசிக்கலாம், அவ்வளவுதான். பிரதேச சபைக்கு ஆதன வரி, எங்கள் பக்கத்துப் பேச்சில் சோலை வரி, அறவிட அதிகாரம் உண்டு. ஆனால் கட்டடங்கள் நெருங்கிய இடம் என்று அறிவித்த பகுதிகளில்தான். எங்கள் ஊர் அதற்குள் இல்லை. வரி கட்டாத ஊரின் விண்ணப்பம் சபை மேசையில் எத்தனையாவதாகக் கிடக்கும் என்று நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்?

வீதிக் கதையையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். கிறவல் போட்டுத் தாருங்கள் என்று ஒரு வருடம் முழுக்கப் பிழையான வாசலில் நின்றோம். ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி வகுப்பு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மற்றக் கிராம வீதிகள் பிரதேச சபைக்கு. வாய்க்கால் கரையால் போகிற வீதியென்றால் அது நீர்ப்பாசனத் திணைக்களத்தினதாக இருக்கலாம், வயல் வீதி கமநலத்தினதாக இருக்கலாம். எங்கள் வீதியில் முதல் பாதி சபையினது, பின் பாதி வாய்க்கால் வீதி! மதகு எந்தப் பாதியில் என்று இரண்டு கந்தோரும் ஒன்றையொன்று காட்டிக்கொண்டிருந்தன. கடிதம் எழுத முன்பு, உங்கள் வீதி எவருடைய பட்டியலில் இருக்கிறது என்று கிராம அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களைப்போல் ஓட்டோக் காசை விரயமாக்க வேண்டாம்.

காணி விஷயமும் அப்படித்தான் இழுபட்டது. 2014 இல் ஒரு கடிதம், 2015 இல் இரண்டு. ஓர் அலுவலகத்தில் "கோப்பு யுத்தத்தில் அழிந்துபோய்விட்டது" என்றார்கள். அது பொய்யில்லை, பல கோப்புகள் அப்படித்தான் அழிந்தன. ஆனால் அந்தப் பதிலோடு எங்களை அனுப்பிவிடலாம் என்று அவர்கள் நினைத்ததுதான் பிழை.

முதல் உதவி எங்கிருந்து வந்தது தெரியுமா? எங்கள் சங்கத்தின் பழைய செயலாளர் அக்கா, அப்போதே எழுபது வயது தாண்டியவ, ஒருநாள் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டா. பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கொப்பியைக் கொண்டுவந்து வைத்தா. மாதர் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புப் புத்தகம்! இடப்பெயர்வு முழுக்க அதைத் தூக்கித் திரிந்திருக்கிறா. நகையைக் கைவிட்டவ இந்தக் கொப்பியை விடவில்லை. தண்ணீர் பட்டுப் பல தாள்கள் ஒட்டிப்போயிருந்தன. ஆனால் 1989 ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்று வாசிக்கக்கூடியதாக இருந்தது. "மைதானத்துக்கும் பொது மண்டபத்துக்கும் ஒதுக்கிய காணியில் கிணறு கட்டுவதற்குச் சிரமதானம்" என்று நீல மையில் எழுதியிருந்தது.

"ஏனக்கா இதைக் கொண்டு திரிஞ்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"கணக்கு முடிக்காமல் கிடந்தது பிள்ளை. ஆரும் கேட்டால் என்ன சொல்லுறது?"

ஒரு கொப்பி மட்டும் போதாது, அரசாங்க வரைபடம் வேண்டும். 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 மாசியில் நடைமுறைக்கு வந்தது. இதைப்பற்றி எங்களுக்குச் சொன்னது மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்த ஒரு தங்கச்சி. எந்த அரச அலுவலகத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். அவரிடம் விண்ணப்பம் கொடுக்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்க முடியாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அவரே எழுதிக்கொள்ள வேண்டும். வேலைநாள் 14 க்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். தராவிட்டால் அந்த நிறுவனத்திலேயே மேல்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. எங்கள் முதல் விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. மேல்முறையீடு எழுதினோம். இரண்டு மாதத்துக்குள் வரைபடத்தின் பிரதி கைக்கு வந்தது.

அதை விரித்துப் பார்த்தபோது கை நடுங்கியதை மறைக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டுத் துண்டு, கணவர் பெயருக்குக் கொடுத்த இலக்கம், பக்கத்து வீட்டுத் துண்டு, வாய்க்கால் எல்லாம் அதில் இருந்தன. நடுவில் ஒரு பெரிய துண்டு. விளையாட்டிடத்துக்கும் பொதுத் தேவைக்கும் ஒதுக்கிய அரச காணி. கழகத்தினதும் இல்லை, சங்கத்தினதும் இல்லை, பட்டணத்துக்காரரின் தகப்பனாருடையதும் இல்லை.

வரைபடத்தையும் கூட்டக் குறிப்பையும் இணைத்து, வேலியை அகற்றித் தருமாறு கடிதம் கொடுத்தோம். சங்கத் தலைவியும் செயலாளர் என்ற முறையில் நானும் கையெழுத்து. இந்த முறை வேலை வேகமாக நடந்தது. அரச காணியில் அனுமதியில்லாமல் இருப்பவரை எழுப்புவதற்கு 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி வெளியேறும்படி அறிவித்தல் கொடுப்பார்கள். போகாவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அறிவித்தல் வந்தது. பட்டணத்துக்காரர் ஒரு கிழமை சத்தம் போட்டுவிட்டுத் தூண்களைக் கழற்றிக்கொண்டு போனார். எங்களுக்குப் பெரிய சந்தோஷம். பாயாசம்கூடக் காய்ச்சினோம்.

பாயாசம் காய்ச்சிய அன்று இரவு வடக்கு மூலைப் பிள்ளை என் படலையில் வந்து நின்றாள். கையில் அதே மாதிரி ஒரு அறிவித்தல்.

அவளைப் பற்றி நான் இதுவரை சொல்லவில்லை. உண்மையில் கடிதம் எழுதும்போதும் அவளை நான் யோசிக்கவில்லை. பாலை மரத்தடியில் தகரக் கொட்டில் போட்டு இரண்டு பெண்பிள்ளைகளோடு 2011 இலிருந்து இருக்கிறாள். அவளுடைய தாய் தகப்பன் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த சனம். எங்கள் ஊர் வயல்களில்தான் நாற்று நட்டார்கள், அருவி வெட்டினார்கள். ஆனால் காணி கிடைத்தவர்கள் நாங்கள். அவர்கள் யாரோ ஒருவருடைய காணி மூலையில் குடிசை போட்டு இருந்தார்கள். புருசன் ஷெல்லில் செத்துப்போக, திரும்பி வந்தவளுக்கு அந்த மூலையும் இல்லை. காணிக் கடதாசி இல்லாதபடியால் வீட்டுத்திட்டமும் இல்லை.

"அக்கா, இது உங்கட கையெழுத்திலை போன கடிதத்துக்கு வந்ததாம். உண்மையே?"

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் அழவில்லை, ஏசவில்லை. "பிள்ளையளுக்குச் சோதனை வருது. அதுக்குப் பிறகு போகலாமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ" என்றாள். நான் அன்று நித்திரை கொள்ளவில்லை.

சட்டம் கடைக்காரருக்கும் கொட்டில்காரிக்கும் ஒரே கடதாசியைத்தான் அனுப்புகிறது. வித்தியாசத்தை ஊர்தான் சொல்ல வேண்டும். ஆகவே இரண்டு சங்கத்தையும் கழகத்தையும் சேர்த்துப் பொதுக்கூட்டம் வைத்தோம். 61 பேர் வந்தார்கள். என் கைப்படவே குறிப்பு எழுதினேன்.

கழகத் தலைவர் எழும்பினார். "ஒரு ஆளுக்கு விட்டால் நாளைக்குப் பத்துப் பேர் கொட்டில் போடுவினம். பிறகு கடைக்காரனை மட்டும் ஏன் எழுப்பினீங்கள் எண்டு கேட்பான்." அவர் சொன்னதில் பிழை இல்லை. இன்றைக்கும் நான் அதைப் பிழை என்று சொல்லமாட்டேன். இன்னொருவர் சொன்னது வேறு. "அவையள் இந்த ஊர்ச் சனம் இல்லைத்தானே." அதைக் கேட்டதும் பழைய செயலாளர் அக்கா இருந்த இடத்திலிருந்தே, "அந்தக் கிணறு வெட்டின சிரமதானத்திலை மண் சுமந்தது இவளின்ரை தாய். கொப்பியிலை பேர் கிடக்கு, வாசிக்கட்டோ?" என்று கேட்டா. சபை அடங்கிவிட்டது. நான் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். பெயர் இருந்தது.

பிறகு வாத்தியார் ஒருவர் நாடா பிடித்து அளந்தார். பந்தடிக்கிற இடத்துக்குள் கொட்டில் வரவில்லை. 20 பேர்ச், யாழ்ப்பாணக் கணக்கில் 2 பரப்பு விட்டாலும் மைதானத்துக்கு இடம் தாராளமாக இருக்கிறது. கையுயர்த்தி வாக்கெடுத்தோம். 38 பேர் ஆதரவு, 17 பேர் எதிர்ப்பு, மிச்சப் பேர் பேசாமல் இருந்தார்கள். வடக்கு மூலையில் 20 பேர்ச்சை அந்தப் பிள்ளைக்கு அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கும்படியும், மிகுதியை விளையாட்டிடமாகப் பிரதேச சபையின் பராமரிப்பில் விடும்படியும், வேறு எவருக்கும் கொடுக்கக்கூடாது என்றும் தீர்மானம். எல்லாரும் கையெழுத்து வைத்தோம். எதிர்த்தவர்களில் 9 பேரும் வைத்தார்கள்.

இதில் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. ஆண்கள் சங்கத்தில் எங்கள் ஊர் வழக்கப்படி வீட்டுக்கு ஒரு பெயர், குடும்பத் தலைவரின் பெயர்தான் இடாப்பில் இருக்கும். என் வீட்டுப் பெயர் இன்றும் என் கணவருடையது. மூலைப் பிள்ளைக்கு வீட்டு இலக்கமே இல்லை, ஆகவே பெயரும் இல்லை. மாதர் சங்கத்தில் அப்படியில்லை, ஊரில் இருக்கிற பெண் என்றால் அங்கத்தவர். அவளும் சந்தாவைத் தவறாமல் கட்டியிருந்தாள். அந்த இடாப்புத்தான் அவள் இந்த ஊரில் வசிக்கிறாள் என்பதற்கு நாங்கள் காட்டிய முதல் அத்தாட்சி. உங்கள் சங்க இடாப்பில் யார் பெயர் இல்லை என்று ஒருமுறை பாருங்கள்.

காணி விஷயம் என்றால் பிரதேச செயலாளரோடு முடிவதில்லை, மாகாணக் காணி ஆணையாளர் வரை கடதாசி போய்வர வேண்டும். இடையில் 2018 மாசி 10 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. பெண்களுக்கு நூற்றுக்கு 25 இடம் என்ற சட்டம் முதல்முறை நடைமுறைக்கு வந்த தேர்தல் அது. அதற்கு முன்பு நாடு முழுவதும் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேரளவில்தான் இருந்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு பெண் சபைக்குப் போனா. பேச்சுத் திறமை குறைவு என்று ஆண்கள் பகிடி பண்ணினார்கள். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை கந்தோருக்குப் போய் எங்கள் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்தா. மேடையில் நன்றாகப் பேசுகிறவரை விட இப்படியொருவர்தான் எங்களுக்குத் தேவைப்பட்டார்.

2019 இல் அவளுக்கு வருடாந்த அனுமதிப்பத்திரம் கிடைத்தது. மைதானமும் அதே வருடம் சபையின் பராமரிப்புக்கு வந்தது. உழவு இயந்திரம் வந்து பற்றை இழுத்தது. கிணற்றுக் கட்டை நாங்கள் சிரமதானத்தில் கட்டினோம், சீமெந்து சபை தந்தது.

எல்லாம் இனிதாக முடிந்தது என்று எழுதினால் ஊரில் வாசிக்கிறவர்கள் சிரிப்பார்கள். கழகப் பொடியன்கள் இரண்டு வருடம் எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மைதானம் கிடைத்த பிறகும் அது அவர்களுக்கு மட்டும் என்றே நினைத்தார்கள். பெண்பிள்ளைகள் வலைப்பந்து விளையாட ஒரு மூலை கேட்டபோது "பந்து படும், பிறகு எங்களைச் சொல்லக்கூடாது" என்றார்கள். கடைசியில் நேரம் பிரித்தோம். செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் பெண்பிள்ளைகளுக்கு. முதல் மாதம் தாய்மார் நாங்களே வேலியோரம் பாய் போட்டு இருந்து காவல் காத்தோம். இருந்த இருப்பில் பீடி சுற்றினவர்களும் உண்டு, கதை கதைத்துக் கவலை ஆறினவர்களும் உண்டு. இடப்பெயர்வுக்குப் பிறகு சும்மா கூடியிருப்பதற்கென்று எங்களுக்கு ஓர் இடம் இருக்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். அலுவல் இருந்தால்தான் கூட்டம், கூட்டமென்றால் யாரோ ஒரு நிறுவனத்தின் படிவம்.

2022 இல் அரிசிக்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்றபோது மைதான ஓரத்தில் கத்தரியும் பயற்றையும் போட்டோம். முதல் அறுவடையிலேயே பங்குச் சண்டை. அதைப்பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரை வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், தண்ணீர் ஊற்றியவர் பெயரைக் கொப்பியில் எழுதாமல் விட்டது என் பிழை.

2023 பங்குனியில் சபைகளின் காலம் முடிந்து, 2025 வைகாசித் தேர்தல் வரை தெரிவு செய்யப்பட்டவர்கள் எவரும் இருக்கவில்லை. சபைச் செயலாளரே எல்லாம். அந்த இரண்டு வருடத்தில் மைதானத்து லைற் பழுதாகி, அப்படியே கிடந்தது. தெரு வெளிச்சம் சபையின் பொறுப்பு, ஆனால் கேட்பதற்கு எங்கள் பக்கத்து ஆள் அங்கே இல்லை. புதிய சபை வந்ததும் முதல் கடிதமே லைற்றுக்குத்தான் கொடுத்தோம். கம்பத்தை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

புதிதாகக் காணித்துண்டு வாங்குகிற, அல்லது வீட்டுத்திட்டத்தில் குடியேறுகிற சகோதரிகள் என்னிடம் வந்து கேட்டால் நான் சொல்வது இதுதான். உங்கள் துண்டின் எல்லையை மட்டும் பார்க்க வேண்டாம். முழு வரைபடத்தையும் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். வீதி எது, பொதுத் தேவைக்கு விட்ட துண்டு எது, அது யாரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். ஒரு போட்டோக் கொப்பி எடுத்துச் சங்கத்திலும் ஒன்று, வீட்டிலும் ஒன்று வையுங்கள். அதை ஒரு வீட்டில் மட்டும் வைத்தால் என்ன நடக்கும் என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்?

மூலைப் பிள்ளையின் வீடு இன்னும் முடியவில்லை. சுவர் எழும்பி, கூரைக்குப் பழைய தகரமே கிடக்கிறது. மூத்த மகள் உயர்தரம் முடித்து இப்போது முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். செவ்வாயும் வெள்ளியும் வலைப்பந்துக் கம்பங்களைத் தூக்கி வைப்பவளும், பந்தைக் கணக்காகத் திருப்பிப் பூட்டுபவளும் அவள்தான். இந்த வருடம் சங்கத்தின் உபசெயலாளராக அவளைத் தெரிவு செய்தோம். பழைய செயலாளர் அக்கா 2021 இல் காலமானா. அந்தக் கொப்பி இப்போது அவளிடம் இருக்கிறது, பொலித்தீன் பையோடு.

அடுத்த பொதுக்கூட்டம் வருகிற மாதம் முதல் ஞாயிறு பின்னேரம், பாலை மரத்தடியில். நிகழ்ச்சி நிரலை அவள் எழுதித் தந்திருக்கிறாள். முதலாவது, மைதானத்து லைற். இரண்டாவது, மதகு எவருடையது என்ற கடிதத்துக்கு வந்த பதில். மூன்றாவது, வடக்கு வேலியை அவள் அடைப்பதா, சங்கம் அடைப்பதா என்பது. மூன்றாவதில் சண்டை வரும் என்று நினைக்கிறேன்.